கங்கும் நெருப்புதானே

புகை மீனுக்கா வந்திய? இந்த வீடுதான் தம்பி, சரியாத்தான் வந்திருக்கிய. ஆனா மீன் இல்ல. மீன் போடுதவ இங்க இல்ல. வெயில்ல வந்திருக்கிய, மொதல்ல உள்ள வந்து உக்காருங்க. செருப்பு கிடக்கட்டும், அங்கனயே கழத்திப் போடுங்க. மதுரையில இருந்தா? ஒரு மீனுக்காகவா இவ்வளவு தூரம்? யாரு சொல்லிவிட்டா? உங்க ஆபீஸ்காரரா? சரிதான். போன வருசம் வாங்கிட்டுப் போனவரா இருக்கும். அப்பம் நல்லாத்தான் ஓடிச்சு.

எம் பேரு இஞ்ஞாசி. தூத்துக்குடி துறைமுகத்துல, கப்பல் சரக்கு தூக்குத விஞ்ச் ஓட்டி ரிட்டயர் ஆனவன். மீன் போட்டவ எம் மருமவ, ஜெசிந்தா. எம் மவன் ரெமிஜியுஸோட பொண்டாட்டி. மவன் இல்ல. மாலத்தீவுல ஒரு ஓட்டல்ல சமையக்காரனா இருந்தான், அங்க தூக்கத்துலயே போயிட்டான். பெட்டியிலதான் வந்தான். அதப் பத்தி நான் பேச மாட்டேன். பேச ஆரம்பிச்சா நீங்க சாயங்காலம் பஸ்ஸப் பிடிக்க முடியாது. எம் பொண்டாட்டி அவனுக்கு முன்னாலயே போய்ச் சேந்துட்டா. புண்ணியவதி, அந்தப் பெட்டிய அவ பாக்கல.

அந்தா, புறவாசல்ல தார்ப்பாய் போட்டு மூடிக் கிடக்குல்லா, அதுதான் மீன் புகை போடுத டிரம்மு. இரும்புல்லா, மழை பட்டா துருப்பிடிச்சிரும், அதான் மூடி வச்சிருக்கேன். வேற ஒண்ணும் இல்ல.

அந்த டிரம்மு வந்த கதையே ஒரு கதை. ரெமி போனப்புறம் இவ எந்நேரமும் செவரப் பாத்துக்கிட்டே இருப்பா. சோறு பொங்குவா, பிள்ளைய ஸ்கூலுக்கு அனுப்புவா, மறுபடியும் செவரு. பிள்ள பேரு ரினி. ஒண்ணாங்கிளாஸ். ஒரு நா காலையில வந்து, மாமா, ஒரு டிரம்மு வேணும்னு கேட்டா. நான் என்னத்தக் கண்டேன்? தூத்துக்குடியில டிரம்முன்னா என்ன தம்பி? தண்ணி பிடிக்கதுக்குத்தான. நான் நேரா கடைக்குப் போயி நீலக் கலர்ல நல்ல பிளாஸ்டிக் டிரம்மா பாத்து, மூடியோட வாங்கி, தள்ளுவண்டியில வச்சுக் கொண்டாந்து எறக்குனேன். அவ வெளிய வந்து பாத்தா. பாத்துட்டுச் சிரிச்சா பாருங்க, சேலத் தலைப்ப வாயில வச்சுக்கிட்டுச் சிரிக்கா. மாமா, இதுல கரியப் போட்டா டிரம்முல்லா உருகிரும்னு சொல்லுதா. அவன் போனப்புறம் அவ சிரிச்சது அன்னைக்குத்தான். எனக்கும் சிரிப்பு வந்துட்டு. அந்த நீல டிரம்முல இன்னைக்கும் தண்ணிதான் பிடிக்கேன்.

அப்புறந்தான் வெவரம் சொன்னா. மாலத்தீவுல மீனப் புகை போட்டுப் பக்குவம் பண்ணுவாங்களாம். ரெமி அதக் கத்துக்கிட்டு, ஊருக்கு வந்ததும் நாம ரெண்டு பேருமா ஒரு கடை போடணும்னு வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை போன்ல இதத்தான் பேசுவானாம். பொண்டாட்டிகிட்ட வேற பேச்சே பேச மாட்டான் போல. எங்கிட்ட இதப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதில்ல. அப்பன்கிட்ட எதுக்குச் சொல்லணும்? விடுங்க.

கையில காசு கிடையாது. அவன் கம்பெனியில இருந்து வரவேண்டியது வந்து சேரல. புது சாமான் ஒண்ணு வாங்கல தம்பி, எல்லாம் பழசுதான். காயலாங்கடையில எண்ணெய் டிரம்மு ஒண்ணு கிடந்துச்சு. அத அப்படியே வச்சா மீன்ல எண்ணெய் நாத்தம் அடிக்கும்லா, பெயின்டும் விஷம். அதனால நெறைய காவோலைய, காஞ்ச பனை ஓலையப் போட்டு உள்ளயும் வெளியவும் எரிச்சா. பெயின்டு எல்லாம் உரிஞ்சு, டிரம்மு கன்னங்கரேல்னு ஆயிப்போச்சு. அப்புறம் மண்ணப் போட்டுத் தேச்சா, கழுவுனா, மறுபடியும் எரிச்சா. கை எல்லாம் காப்பு காய்ச்சுப்போச்சு. நான் சும்மா இருப்பனா? நானும் கூட நின்னு தேச்சேன். கரி போடுததுக்குக் கூடை வேணும்ல, அதுக்கு அதே காயலாங்கடையில வாஷிங் மெஷினுக்குள்ள சுத்துமே, ஓட்டை ஓட்டையா ஒரு சட்டி, அதத் தேடிப் பிடிச்சா. எவர்சில்வரு, துருவே பிடிக்காது. மேல மூடுததுக்குக் கல்யாணச் சமையக்காரன் ஒருத்தன் தூக்கிப் போட்ட அண்டா மூடி. மீனத் தொங்கவிட வீடு கட்டி மிஞ்சுன கம்பி. புகை போகதுக்குக் குழாய் வேணும்னா, நம்ம வீட்டுத் தண்ணிக் குழாய் மிச்சம் கிடக்கேன்னு எடுத்துக் குடுத்தேன். பிளாஸ்டிக் ஆகாது மாமா, துத்தநாகம் பூசுன இரும்புக் குழாயும் ஆகாது, சூட்டுல விஷம் கக்கும்னு அவுக சொல்லிருக்காகன்னா. அவுகன்னா எம் மவன். அவன் சொன்னான்னா அதுக்கு மேல பேச்சு கிடையாது அவளுக்கு.

வெட்டுதது, ஒட்டுததுக்குத்தான் ஆளு வேணும். பால்துரைன்னு ஒருத்தன். அடுத்த தெரு, வெல்டிங் பட்டறை வச்சிருக்கான். ரெமியோட ஒண்ணாப் படிச்சவன். அவந்தான் வந்து டிரம்முக்கு அடியில சின்னதா ஒரு கதவு வெட்டிக் குடுத்தான், கீலு வச்சான், மூடிக்குப் பிடி வச்சான். கூலி கேட்டா, ரெமிக்குச் செய்யுதேன்னு சொல்லிட்டான். அப்பம் எனக்கும் அவன்மேல நல்ல அபிப்பிராயந்தான். உள்ளதச் சொல்லணும்ல.

ரினி அந்த டிரம்முக்கு வச்ச பேரு என்ன தெரியுமா? குட்டித் தாத்தா. வயிறு எனக்கு மாதிரியே இருக்காம். எந் துண்ட எடுத்து அதுக்குக் கட்டிவிட்டு, சூடா இருக்கும்போது தொடாத, தாத்தாவுக்குக் காய்ச்சல்னு அடுத்த வீட்டுப் பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கும். அந்தப் பிள்ளைக்கு வாய் ஜாஸ்தி.

தண்ணி குடிங்க. இல்ல, நன்னாரி சர்பத் போட்டுத் தரவா? வேண்டாமா? சரி.

மீன் எப்படிப் போடுவான்னு கேக்கியளா? சூரைதான். அதுதான் ஏலத்துல மலிவாக் கிடைக்கும். சுத்தம் பண்ணி, உப்புத் தண்ணியில கருப்பட்டியக் கொஞ்சம் தட்டிப் போட்டு ஊறவச்சு, அப்புறம் வாலுல கம்பியக் கோத்துத் தொங்கவிடணும். அடியில உடைமரக் கரி. அது கங்கானதும் மேல தண்ணியில நனைச்ச கதம்பையப் போடணும், தேங்கா மட்டை. இதுல சூட்சுமம் ஒண்ணே ஒண்ணுதான் தம்பி. தீ பிடிக்கக் கூடாது. கொழுந்து விட்டுச்சுன்னா மீனு கருகிப்போவும். அடிக்கதவ ஒரு விரக்கட மட்டும் தொறந்து வச்சா, உள்ள கங்கு கனிஞ்சுக்கிட்டே கிடக்கும், புகை மட்டும் வரும். அத அவ காலையில இருந்து பொழுது சாயிற வரைக்கும் கூட இருந்து பாப்பா. கண்ணு செவந்துரும். அழுதாளா புகையான்னு நமக்குத் தெரியாது. புகைன்னுதான் சொல்லுவா.

மொத மொத போட்ட மீன எனக்குத்தான் ஒரு துண்டு குடுத்தா. வாயில போட்டேன். எந்திரிச்சுப் புறவாசலுக்குப் போயிட்டேன். ஏன்னா அவன் அனுப்பி வைப்பானே மாசிக்கருவாடு, அந்த வாசம் அப்படியே இருந்துச்சு. நல்லா இருக்குன்னு சொல்லிருக்கலாம். ஆனா அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்ல? நான் தட்டுல மிச்சம் வைக்கலையே.

அப்புறம் விக்க ஆரம்பிச்சா. அக்கம்பக்கம், ஒரு ஓட்டல், உங்கள மாதிரி வெளியூர்க்காரங்க. நல்லாத்தான் போச்சு. ஆனா அந்த டிரம்முல எதாவது ஒரு வேல இருந்துக்கிட்டே இருக்கும். கீலு தளந்துரும், மூடி ஓரத்துல புகை ஒழுகும், குழாய் ஆடும். பால்துரை வருவான். சாயங்காலம் பட்டறைய அடைச்சுட்டு வருவான். புறவாசல்ல நின்னு தட்டுவான், போவான். அவ ஒரு காப்பி போட்டுக் குடுப்பா. இதுதான் நடந்துச்சு. நான் கண்ணால பாத்தது இதுதான்.

ஆனா ஊரு சும்மா இருக்குமா? ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சு கோயில் வாசல்ல நின்னா, எங்க அக்கா திரேசம்மா வந்து காதக் கடிக்கா. ஏலே இஞ்ஞாசி, வீட்டுல புகை போட்டா குடும்பத்துல புகைச்சல் வரும்னு நான் அன்னைக்கே சொன்னேன்ல, கேட்டியா, அந்த வெல்டிங்காரன் உங்க வீட்ட விட்டு எறங்க மாட்டானாமேங்கா. நான், அப்படி எல்லாம் இல்லக்கான்னுதான் சொன்னேன். சத்தியமா அப்படித்தான் சொன்னேன். ஆனா அடுத்த வாரமும் அதே பேச்சு. வேற ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டே, என்ன மாமா, டிரம்மு ரிப்பேரு இன்னும் முடியலையான்னு கேக்கானுவ. எனக்கு எப்படி இருக்கும்? பெட்டியில மவனக் கொண்டுட்டு வந்து எறக்குன வீடு தம்பி. அந்த வீட்டுப் பேரு கெடலாமா?

நான் நேரா ஒண்ணும் கேக்கல. நான் அப்படிப்பட்ட ஆளு இல்ல. அவ கம்பியில மீனக் கோத்துக்கிட்டு இருந்தா. பொதுவாத்தான் சொன்னேன், மீனப் பத்தி சொன்ன மாதிரிகூட எடுத்துக்கிடலாம்.

"நெருப்பில்லாம புகையாதும்மா."

அவ கோத்த மீனக் கீழ வச்சா. கையக் கழுவுனா. டிரம்முக்கு அடியில அந்தச் சின்னக் கதவத் தொறந்தா.

"குனிஞ்சு பாருங்க மாமா. காலையில இருந்து புகையுது. நெருப்பு எங்கன இருக்குன்னு காட்டுங்க."

எனக்கு முட்டுவலி. இருந்தாலும் பிடிச்சுப் பிடிச்சுக் குனிஞ்சு பாத்தேன். உள்ள கங்கு செவப்பாக் கிடக்கு. கொழுந்து இல்ல, அது வாஸ்தவந்தான். ஆனா நான் விட்டுருவனா? நாப்பது பேர மேய்ச்சவன், துறைமுகத்துல.

"கங்கும் நெருப்புதானே"ன்னு கேட்டேன்.

அவ கதவ மூடிட்டா. மறுபடியும் மீனக் கோக்க உக்காந்துட்டா. பதில் இருந்தா சொல்லிருப்பாள்ல? நீங்களே சொல்லுங்க. பதில் இல்லாமத்தான மூடுனா.

அப்புறம் பேச்சு கொறஞ்சுபோச்சு. மாமா சாப்பிடுங்க, மாமா மாத்திரை போட்டாச்சா, அவ்வளவுதான். பால்துரை வாரதும் நின்னுபோச்சு. நாந்தான் அவன ரோட்டுல வச்சு, இனிமே வேல இருந்தா நானே சொல்லி அனுப்புதேன்னு சொன்னேன். அவன் சரி அப்பான்னுட்டுப் போயிட்டான். ரெமி கூப்பிடுத மாதிரி அவனும் என்ன அப்பான்னுதான் கூப்பிடுவான். அது எனக்கு அன்னைக்குப் பிடிக்கல.

மூடிப் பிடி கழண்டு போச்சு. அவ சரி பண்ணக் கேக்கல, நானும் ஆளக் கூப்பிடல. மூடியத் துணியச் சுத்தி ரெண்டு கையால தூக்குவா. மணிக்கட்டுல சுட்டுக்கிட்டா. தேங்கா எண்ணெய் தடவும்மான்னு நாந்தான் சொன்னேன்.

இப்பம் அந்த நாளச் சொல்லுதேன். அந்த ஓட்டல்காரன் ஒரு கல்யாணத்துக்குன்னு பெரிய ஆர்டர் குடுத்திருந்தான். டிரம்மு நெறைய மீனு. மத்தியானம் ரினி ஸ்கூல்ல இருந்து போன், பிள்ளைக்கு வாந்தின்னு. அவளுக்குக் கை ஓடல, கால் ஓடல. மாமா, ஒண்ணும் செய்ய வேண்டாம், தொறக்க வேண்டாம், சும்மா பாத்துக்கிட்டு மட்டும் இருங்கன்னு சொல்லிட்டு ஓடுனா.

நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஆனா பாக்கப் பாக்கப் புகை மெலிஞ்சுக்கிட்டே வருது தம்பி. நூலு மாதிரி வருது. எனக்கு என்ன தோணும்? கங்கு அணைஞ்சுபோச்சு, இவ்வளவு மீனும் வீணாப்போச்சுன்னா அவ யாருகிட்டப் போயி நிப்பா? அவளுக்குச் செய்யுதமேன்னுதான் செஞ்சேன். அடிக்கதவ நல்லாத் தொறந்தேன். மேல மூடியத் துணியச் சுத்தித் தூக்கிக் கீழ வச்சேன். மொறத்த எடுத்து விசிறுனேன். கொஞ்சம் நேரம் ஒண்ணும் இல்ல. அப்புறம் சூரைல இருந்து நெய் சொட்டிருக்கும்ல, அது பிடிச்சுக்கிட்டு. குப்புனு தீ. என் உசரத்துக்கு. நான் தண்ணிய எடுத்து ஊத்துனேன், அது இன்னும் சீறுது.

எங்க இருந்து வந்தான்னு தெரியல, பால்துரை செவரு ஏறிக் குதிச்சு வாரான். கையில துணிகூட இல்ல. வெறுங்கையால மூடியத் தூக்கி மேல போட்டான், அடிக்கதவக் காலால எத்திச் சாத்துனான். தீ அடங்கிட்டு. புகை மட்டும் தெருவ மூடிட்டு. சனம் எல்லாம் கூடிப்போச்சு, எங்க அக்கா திரேசம்மாவும் நிக்கா. பயந்துட்டேன்ல. அந்தப் பதட்டத்துல, ஏலே, எவன் கூப்பிட்டான் உன்ன, எந்நேரமும் எம் வீட்டயே பாத்துக்கிட்டு இருந்தாத்தானல இவ்வளவு சீக்கிரம் வர முடியும்னு கத்திட்டேன். இன்னும் ரெண்டு வார்த்தை சேத்து வந்துச்சு. மருமவ பேரும் அதுல வந்துச்சு. அதத் திருப்பி உங்ககிட்டச் சொல்ல முடியாது.

அப்பம் அவ வாசல்ல நிக்கா. இடுப்புல பிள்ள. பிள்ள அவ தோள்ல தல சாச்சுக் கிடக்கு. எல்லாத்தையும் கேட்டுட்டா. கூட்டம் வழி விட்டுச்சு. கருகுன மீனத் திரும்பிக்கூடப் பாக்கல தம்பி. எங்கிட்ட வந்து நின்னா. சத்தமே போடல.

"அவுக இருந்தா, இந்த வார்த்தைய நீங்க சொல்லிருப்பியளா மாமா?"

கேள்வியே தப்பு இல்லையா? அவன் இருந்தா பால்துரை எதுக்கு வாரான்? நான் எதுக்குச் சொல்லப் போறேன்? இதச் சொல்லதுக்குள்ள அவ உள்ள போயிட்டா. பால்துரை ரெண்டு கையவும் முன்னால நீட்டிக்கிட்டு, தோலு வழண்டு போயி நிக்கான். யாரோ அவனக் கூட்டிட்டுப் போனாங்க.

மறுநா காலையில பெரியதாழைக்குப் போயிட்டா. அவ அம்மா வீடு அங்கதான். எனக்குச் சோறு பொங்கி, ரசம் வச்சு மூடிட்டுத்தான் போனா. மாத்திரையையும் தண்ணியையும் பக்கத்துல எடுத்து வச்சிருந்தா. ரினி ஆட்டோவுல இருந்து கையாட்டுச்சு. தாத்தா, குட்டித் தாத்தாவுக்குக் காய்ச்சல் விட்டுட்டான்னு கேக்குது. நான் நாலு நாள்ல வந்துருவாங்கன்னுதான் நெனச்சேன். கோவத்துல போற பொம்பள எல்லாரும் வாரதுதான.

பால்துரைக்கு அந்த மாசமே கல்யாணம் ஆயிட்டு, அது தெரியுமா? நாசரேத்துப் பொண்ணு. நிச்சயம் பண்ணி ரொம்ப நாளாச்சாம். பொண்ணுக்குச் சேலை எடுக்கதுக்கு ஜெசிந்தாகிட்டதான் யோசனை கேட்டுக்கிட்டு இருந்தானாம், அந்தக் காப்பி குடிக்கிற நேரத்துல. பத்திரிகை வச்சப்போதான் எனக்குத் தெரியும். இத யாராவது ஒருத்தர் எங்கிட்டச் சொல்லிருக்கணும்ல? அவன் சொல்லல, அவ சொல்லல. கேக்கலையேன்னு சொல்லுவாங்க. வீட்டுப் பெரியவன்கிட்ட, கேட்டாத்தான் சொல்லணுமா?

கல்யாணத்துக்கு நான் போகல. அவன் கைய எப்படிப் பாக்கது?

ராத்திரிக்கு வீடு எப்படிக் கிடக்கும்னு சொல்லவே வேண்டாம். ரினி எங்கூடத்தான் படுக்கும். தூக்கத்துல கால எம் வயித்து மேல போடும். எடுத்து விட்டா மறுபடியும் போடும். அப்பம் எல்லாம் தொந்தரவா இருக்கும் தம்பி. இப்பம் வயிறு லேசா இருக்கு, தூக்கந்தான் வரல. மவன் போனப்போ கூட வீட்டுல ரெண்டு பேரு இருந்தாங்க. இப்பம் மூணு பேரும் போயிட்ட மாதிரி இருக்கு.

போய்க் கூப்பிட்டிருக்கலாமேன்னு கேக்கிய. கேக்கலையா? மூஞ்சியப் பாத்தா கேக்க மாதிரி இருக்கு. போனேன். ஒரு தடவ போனேன். அதுவும் சும்மாதான், உவரிக் கோயிலுக்குப் போன வழியில. பெரியதாழையில பஸ்ஸ விட்டு எறங்குனா, வீட்டுக் கூரைகளுக்குப் பின்னால இருந்து புகை வருது. கதம்பப் புகை. கருப்பட்டி வாசமும் கூட வருது. அவ அங்க வேற ஒரு டிரம்மு செஞ்சுக்கிட்டா. இந்த டிரம்மக் கேட்டு ஆள் அனுப்பவே இல்ல பாத்தியளா. அந்தப் புகை ஒரே சீரா போச்சு. மூடியெல்லாம் நல்லா அமைஞ்சிருக்கும் போல. நான் பஸ் ஸ்டாப்புலயே நின்னேன். அந்த பஸ் திருச்செந்தூருக்குத் திரும்பி வந்துச்சு, ஏறிட்டேன். நான் எதுக்குப் போயி நிக்கணும்? நான் பெரியவன். அவ ஒரு வார்த்தை, வாங்க மாமான்னு சொன்னா போவேன்.

சரி, உங்களுக்கு மீன் வேணும். பெரியதாழை வரைக்கும் போகணும்னா, மொதல்ல மீன் இருக்கான்னு கேட்டுக்கிடணும்ல. நம்பர் எனக்கு மனப்பாடம், சொல்லுதேன், அடிங்க. எம் போன்லயா? வேண்டாம், எம் போன்ல இருந்து போட்டா அவ எடுக்க மாட்டா. இல்ல, போட்டுப் பாக்கல. எடுக்க மாட்டா, எனக்குத் தெரியும். உங்க போன்லயே போடுங்க. அந்த ஸ்பீக்கர்ல போடுங்க. நான் பேசல, தொண்டையக்கூடச் செரும மாட்டேன். இந்த வீட்டுல உக்காந்திருக்கேன்னு சொல்லிராதீங்க. யாரு நம்பர் குடுத்தான்னு கேட்டா உங்க ஆபீஸ்காரர் பேரச் சொல்லுங்க.

மீனக் கேளுங்க. என்ன வெலன்னு கேளுங்க, எப்பம் வந்தா கிடைக்கும்னு கேளுங்க. அப்படியே, பின்னால ஒரு பிள்ள சத்தம் கேக்கே, உங்க பிள்ளையா, என்ன படிக்குன்னு கேளுங்க. சத்தம் கேக்காட்டியும் கேளுங்க. இப்பம் ரெண்டாங்கிளாஸ் போயிருக்கும்.

மணி அடிக்குதா? இந்தப் பக்கம் வைங்க, அந்தக் காது விஞ்ச் சத்தத்துலயே போயிட்டு. இன்னும் கொஞ்சம் கிட்ட.

எடுத்துட்டா. அவதான். பேசுங்க தம்பி. சட்டுனு முடிச்சிராதீங்க, எதையாவது கேட்டுக்கிட்டே இருங்க.